புதுச்சேரியின் குற்றவியல் சட்டம் பிரெஞ்சுச் சட்டம் அல்ல

திருட்டு, அடிதடி, மோசடி, கொலை என எதுவானாலும் புதுச்சேரியில் இன்று அதைக் குற்றமாக வரையறுத்துத் தண்டனை சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 1963 அக்டோபர் 1 முதல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். கடலூர்ச் சாலையில் உள்ள தவளக்குப்பம் காவல் நிலையத்தில் பதிவாகும் ஒரு கொலை வழக்கும், அதே சாலையில் தெற்கே போய் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் கடலூர் மாவட்டக் காவல் நிலையத்தில் பதிவாகும் கொலை வழக்கும் ஒரே பிரிவு எண்ணைத்தான் தாங்கியிருக்கும். இரண்டு வழக்குகளும் மேல்முறையீட்டுக்குப் போனால் சேரும் இடமும் ஒன்றே, சென்னை உயர் நீதிமன்றம்.

யாரும் எளிதில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய இந்த உண்மைக்கு நேர் எதிரான நம்பிக்கை தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. பாண்டியில் இன்னும் பிரெஞ்சுச் சட்டம்தான் நடக்கிறது என்பது அதன் பொது வடிவம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்மேல் உள்ளூர்ப் போலீஸ் கைவைக்க முடியாது என்பது அதிலிருந்து கிளைத்த ஒன்று. இணைப்பு ஒப்பந்தத்தில் பிரெஞ்சுச் சட்டத்துக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் குற்றத்துக்கு நீதி சாதி பார்க்காமல், பணம் பார்க்காமல் கிடைத்தது என்பது முதியவர்கள் சொல்லக் கேட்டு இளையவர்கள் திருப்பிச் சொல்லும் மூன்றாவது. மூன்றும் தவறு.

ஊர்ப் பெருமைதானே என்று இவற்றை விட்டுவிட முடியாது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் கணவன் அடிக்கிறான். புகார் கொடுத்தாலும் அவனை ஒன்றும் செய்ய முடியாது என்று நம்பி ஒரு பெண் வீட்டுக்குள்ளேயே பொறுத்துக்கொள்கிறாள் என்றால், குற்றவாளியைக் காப்பாற்றுவது அந்த நம்பிக்கைதான். எல்லையைத் தாண்டிவிட்டால் சட்டம் தளர்ந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு வார இறுதியில் வந்து வழக்கில் சிக்கும் இளைஞர்களுக்கும் அதுவே வினையாகிறது. சட்டம் தெரியாது என்பதை எந்த நீதிமன்றமும் சமாதானமாக ஏற்பதில்லை.

நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. அது குற்றவியலில் இல்லை, உரிமையியலில் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் விரும்பினால் தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் ‘ரெனோன்சான்’ எனப்படுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற உட்பிரிவு இன்றும் இருக்கிறது. திருமணம், வாரிசுரிமை, பாகப்பிரிவினை போன்றவற்றில் பழைய பிரெஞ்சு நெறி சிலருக்கு உயிரோடு இருப்பது இந்த வழியாகத்தான். சொல்தா எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களின் பிரெஞ்சு ஓய்வூதியம், உள்ளாட்சிக்குக் கொமின் என்ற பெயர், காவலர் தலையில் சிவப்பு கெப்பித் தொப்பி எல்லாம் சேர்ந்து அந்தச் சிறு விலக்கைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ரெனோன்சான்களுக்கென்று எந்த விலக்கும் எழுதப்படவில்லை. ஒரு சட்டத்தில் வேண்டுமென்றே விலக்கு எழுதியவர்கள் இன்னொன்றில் எழுதாமல் விட்டதற்குப் பொருள் ஒன்றுதான்: குற்றத்தில் எல்லோரும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவர்கள். கோவாவிலும் இதே ஏற்பாடுதான். அங்கே 1867ஆம் ஆண்டுப் போர்த்துகீசிய உரிமையியல் சட்டம் குடும்ப விவகாரங்களில் தொடர்ந்தது. தண்டனைச் சட்டம் இந்தியாவுடையதாக மாறியது.

பிரெஞ்சுக் காலத்து நீதியைப் பற்றிய பெருமிதத்தைச் சோதிக்க அதன் தொடக்கத்துக்கே போக வேண்டும். 1701இல் புதுச்சேரியில் உயர் மன்றம் அமைந்தது. ஆட்சி செய்ததும் வணிகம் செய்ததும் தீர்ப்புச் சொன்னதும் அந்த ஒரே மன்றம். அதன் தலைவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர். உறுப்பினர்கள் கம்பெனி அதிகாரிகள். உள்ளூர் மக்களின் வழக்குகளை விசாரிக்கச் சாவடி என்ற நீதிமன்றம் இருந்தது. கடன், சொத்து, சாதி வழக்கம், சில்லறைக் குற்றங்கள் அங்கே தீர்ந்தன. பெருங்குற்றங்கள் உயர் மன்றத்துக்குப் போயின.

அந்த மன்றத்தின் நீதி எப்படிப்பட்டது என்பதற்கு நயினியப்ப பிள்ளை வழக்கை விடப் பெரிய சான்று தேவையில்லை. கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த அவர் 1716இல் ஆளுநர் எபேர் உத்தரவில் கைதானார். கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் என்பவை குற்றச்சாட்டு. அவருக்கு எதிராக நின்றவர்களில் ஏசு சபைப் பாதிரியார்களும் உண்டு. சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசியத்துக்கும், அதிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றப்பட்டு ஏட்டில் ஏறியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த ஏட்டின் மொழி தெரியாது. கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று ஆண்டு சிறை, பெரும் அபராதம், சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே அவர் சிறையில் இறந்துபோனார். அதன்பின் அவர் மகன் குருவப்பா பிரான்சுக்குப் போய் முறையிட்டார். அங்கே கிறித்தவராகி அரச விருதும் பெற்றுத் திரும்பினார். தந்தையின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் நீக்கப்பட்டது. பாரிசில் நீதி கிடைத்ததல்லவா என்று இதைப் பிரெஞ்சு நீதியின் பெருமையாகச் சொல்வோர் உண்டு. கடல் தாண்டிப் போகப் பணமும், போன இடத்தில் செல்வாக்கும், மதம் மாறும் மனமும் உள்ள மகன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்? செத்தவருக்குக் கிடைத்த விடுதலையை வைத்து ஒரு நீதிமுறையை மெச்ச முடியாது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி இந்த ஊரைப் பிடித்தார்கள். 1761இல் ஊரே இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கடைசியாக 1816இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தபோது பிரான்சில் நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்புகள் நிலைபெற்றிருந்தன. 1819 ஜனவரி 6 அன்று புதுச்சேரியில் வெளியான ஆணை அந்தப் பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே பிரகடனம் செய்தது. இந்தியர்கள், அவர்கள் கிறித்தவரோ முஸ்லிமோ இந்துவோ, முன்போலவே தங்கள் சாதி வழக்கப்படி நீதி பெறுவார்கள் என்றும் அதே ஆணை சொன்னது. திருமணத்திலும் சொத்திலும் அந்த வாக்குறுதி நின்றது. தண்டனை விஷயத்தில் 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் இந்தியர்மேலும் கவிந்தது. சாவடி நீதிமன்றம் ஓய்ந்து, முதல்நிலை நீதிமன்றம், மேல்முறையீட்டு மன்றம் என்ற அடுக்கு உருவானது. 1842 பிப்ரவரி 7 தேதியிட்ட அரசாணை அந்த அடுக்குக்கு நிலையான வடிவம் கொடுத்தது.

1810ஆம் ஆண்டுச் சட்டத்தை மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் 12ஆம் பிரிவின்படி மரண தண்டனை என்றால் தலையை வெட்டுவது. சூட்டுக்கோலால் உடலில் முத்திரையிடும் தண்டனை அதில் இருந்தது. பெற்றோரைக் கொன்றவருக்குத் தலைக்கு முன் வலக்கை வெட்டப்படும் என்றும் இருந்தது. இவ்விரண்டையும் பிரான்ஸ் 1832இல்தான் நீக்கியது. ஆணும் பெண்ணும் அதில் சமம் இல்லை. 337ஆம் பிரிவுப்படி கற்புநெறி தவறிய மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் தன் வீட்டுக்குள்ளேயே இன்னொருத்தியை வைத்திருந்தால் மட்டும், 339ஆம் பிரிவுப்படி, அபராதம். தன் வீட்டில் மனைவியையும் அவள் காதலனையும் கையும் களவுமாகப் பிடித்த கணவன் அவர்களைக் கொன்றால், அந்தக் கொலையைப் பொறுத்தருளத்தக்கது என்றது 324ஆம் பிரிவு. இந்த வரிகள் பிரான்சில் 1975 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தன. பிரெஞ்சு என்றாலே நாகரிகம் என்று எண்ணுவோர் இந்தப் பிரிவுகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

நடைமுறையில் சமத்துவம் இருந்ததா என்ற கேள்விக்கு 1873இல் ஒரு விடை கிடைத்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியர் அப்படி வருவது நீதிமன்ற அவமதிப்பு என்று நீதிபதி அவரைத் தண்டித்தார். பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிசில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றார். பின்னாளில் லபோர்த் என்ற பெயர் சூட்டிக்கொண்டு, வழக்கச் சட்டத்தைத் துறக்கும் இயக்கத்துக்கு முன்னோடியாகவும் நின்றார். சட்டம் பயின்று, அதே மன்றத்தில் வாதாட உரிமையும் பெற்ற ஒருவர் காலில் போட்டதற்கே குற்றவாளியானார் என்றால், வண்டி ஓட்டியும் வயலில் வேலை செய்தும் பிழைத்த தவளக்குப்பம், அபிஷேகப்பாக்கம் பக்கத்து ஏழை அதே மன்றத்தின் முன் எப்படி நின்றிருப்பான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விசாரணை ஏடும் தீர்ப்பும் அவனுக்குத் தெரியாத மொழியில்தான் எழுதப்பட்டன.

பிரெஞ்சுப் புதுச்சேரி விடுதலை வீரர்களுக்குப் புகலிடம் தந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. 1908இல் ‘இந்தியா’ இதழின் சட்டப்படியான உரிமையாளராக இருந்த எம். சீனிவாசன் ராஜத்துரோக வழக்கில் சென்னையில் கைதானபோது, அதில் எழுதிவந்த பாரதியார் இங்கே வந்தார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்து இறங்கினார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரின் ராஜத்துரோகப் பிரிவான 124-அ இந்த எல்லைக்குள் செல்லாது என்பதே அவர்களைக் காத்தது. பிரான்சின் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் எழுத்துக்குக் கொடுத்த இடமும் பெரிது. ஆனால் புகலிடம் முழுமையானது அல்ல. 1911இல் வெளியார் பதிவு விதிகள் வந்தன. ஊர்ப் பிரமுகர்கள் ஐவர் நற்சான்று தந்தால்தான் தங்க முடியும் என்ற நிலையில், கலவை சங்கரச் செட்டியார் முன்நின்று உதவினார். ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்த் தாள்கள் போடப்பட்டு, அதன் பேரில் புகார் எழுந்தபோது, அரவிந்தர் வீட்டைச் சோதனையிட விசாரணை நீதிபதியே நேரில் வந்தார். ஒன்றும் சிக்கவில்லை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிய பாரதியார் கடலூருக்கருகே ஆங்கிலேயப் போலீசிடம் கைதானார். இரண்டு பேரரசுகளின் சட்ட எல்லை குறுக்கே போனதால் கிடைத்த பாதுகாப்பு அது. பிரெஞ்சுச் சட்டத்தின் கருணை என்று அதற்குப் பெயர் சூட்டுவது மிகை.

அந்தக் கருணையின் அளவை 1936 ஜூலை 30 காட்டியது. சவானா ஆலைத் தொழிலாளர்மேல் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆயுதப்படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தலைவர் வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் கேட்டது எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும். அந்த உரிமைகள் மறு ஆண்டு ஆணையாக வந்தன. உயிர்கள் போனபிறகு.

இனி இணைப்புக்கு வரலாம். நம்பிக்கையின் இரண்டாவது கிளை இங்கேதான் முளைத்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. நடப்பிலிருந்த சட்டங்கள் தொடரும் என்று இந்திய அரசு அப்போது ஆணையிட்டது. ஆகவே 1954இலிருந்து 1963 வரை இந்திய மூவண்ணக் கொடி பறந்த புதுச்சேரியில் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டமே நடந்தது. சட்டத்தின் கண்ணில் 1962 வரை அது இந்தியாவே ஆகவில்லை. மஸ்தான் சாகிபு வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டபோது, இப்பகுதிகள் இந்திய ஆட்சிப்பரப்பில் சேர்ந்தவை அல்ல என்றே பதில் வந்தது. இந்த ஒன்பது ஆண்டு இடைவெளிதான் ஒரு தலைமுறையின் நினைவில் பிரெஞ்சுச் சட்டம் தொடர்கிறது என்று பதிந்துபோனது. பதிந்தது பிழையல்ல; இடைவெளி முடிந்ததைக் கவனிக்காததே பிழை.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பின் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 2ஆம் பிரிவு, 1954 நவம்பர் 1க்கு முன் இருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும் என்றும், அதில் அரசியலமைப்பு வகையிலான மாற்றம் வேண்டுமானால் மக்கள் விருப்பம் அறியப்படும் என்றும் சொல்கிறது. பிரெஞ்சுச் சட்டத்துக்கு நிரந்தரக் காப்பு இருக்கிறது என்பவர்கள் கையில் எடுப்பது இந்தப் பிரிவைத்தான். அதில் உள்ளது நிர்வாகத் தகுதி. புதுச்சேரி தமிழ்நாட்டோடு கரைந்துபோகாமல் தனி ஒன்றியப் பகுதியாக இருப்பதற்கு அது துணையாக நிற்கிறது. எந்தச் செயல் குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பவற்றைப் பிரெஞ்சுச் சட்டமே என்றென்றும் தீர்மானிக்கும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை. பிரெஞ்சு மொழிக்கும் குடியுரிமைத் தேர்வுக்கும் தனிப் பிரிவுகள் எழுதியவர்கள், தண்டனைச் சட்டத்தைக் காக்க எண்ணியிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

அதன்பின் மாற்றம் விரைவாக நடந்தது. அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 1962 நவம்பர் 6 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் இங்கே நீண்டது. குடியரசுத் தலைவர் பிறப்பித்த 1963ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குமுறை இந்தியத் தண்டனைச் சட்டத்தை அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் 103 ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயர் போனபிறகு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணுக்கு வந்து சேர்ந்தது. சட்டமன்ற விவாதத்தில் பிறந்திருந்தால் ஊரெல்லாம் பேசியிருக்கும். அரசிதழில் அச்சான ஒழுங்குமுறையாக வந்ததால் வழக்கறிஞர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் அப்பால் அது பரவவில்லை. தவறான நம்பிக்கை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம், அரசின் பொறுப்பில் விழும் காரணம்.

எண்கள் மட்டும் மாறவில்லை, எது குற்றம் என்பதே மாறியது. பிரான்சில் 1791இலேயே தற்பால் உறவு குற்றப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. 1810ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்குத் தண்டனை கிடையாது. 1963 அக்டோபர் 1 அன்று 377ஆம் பிரிவு புதுச்சேரிக்கு வந்தது. முந்தைய நாள் வரை குற்றமல்லாத ஒன்று மறுநாள் ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றமாயிற்று. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, 55 ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைப் பிரெஞ்சுச் சட்டம் தண்டிக்கவில்லை. 309ஆம் பிரிவு தண்டித்தது. இன்னொரு பக்கம், மனைவியைச் சிறைக்கு அனுப்பிய பிரெஞ்சுப் பிரிவு போய், மனைவியைத் தண்டிக்காமல் உறவுகொண்ட ஆணை மட்டும் தண்டித்த 497ஆம் பிரிவு வந்தது. அதையும் உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. அரசை விமர்சித்து எழுதுவோரை அச்சுறுத்திய 124-அ பிரிவு, பாரதியாரைத் துரத்திய அதே பிரிவு, அவருக்குப் புகலிடம் தந்த ஊருக்குள் சட்டப்படி நுழைந்தது 1963இல்தான். இவ்வளவு பெரிய இழப்பும் ஆதாயமும் ஒரு பகுதியின் மக்களுக்கு நேர்ந்திருக்க, ஒன்றுமே மாறவில்லை, இன்னும் பிரெஞ்சுச் சட்டம்தான் என்று சொல்வது அவர்கள் பட்டதை இல்லை என்று சொல்வதாகும். 377ஆம் பிரிவுக்கு அஞ்சி வாழ்ந்த புதுச்சேரிக்காரர்களிடம் போய் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

விசாரணை முறையும் மாறியது. பிரெஞ்சு முறையில் குற்றங்கள் சிறு மீறல், நடுத்தரக் குற்றம், பெருங்குற்றம் என மூன்று தரம். ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம். பெருங்குற்றத்தில் ஆதாரம் திரட்டும் பொறுப்பு விசாரணை நீதிபதியுடையது. அரவிந்தர் வீட்டுக்கு வந்தவர் அத்தகைய நீதிபதியே. இந்திய முறையில் அந்தப் பொறுப்பு காவல் நிலையத்துடையது. நீதித்துறை நடுவர் மேற்பார்ப்பவர் மட்டுமே. அதற்கு ஈடாக, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்கு எதிராகவே நிரூபிக்கக்கூடாது என்ற காப்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் தாமும் ஒரு தரப்பாகக் குற்ற வழக்கில் சேர்ந்து இழப்பீடு கோரும் உரிமை பிரெஞ்சு முறையின் நல்ல அம்சம். புதுச்சேரி அதை இழந்தது. இந்தியச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு வரையறை எழுதி, மேல்முறையீட்டு உரிமை தந்தது 2009இன் கடைசியில்தான். பிரெஞ்சுச் சட்டத்தைப் பற்றி ஏங்க வேண்டுமானால் ஏங்கத்தக்கது இது. ஆனால் இன்னும் அது இருப்பதாக நம்புகிறவர்கள் அது போனதற்காகக் கேள்வி கேட்பதில்லை.

மரண தண்டனையைப் பாருங்கள். பிரான்ஸ் 1981 அக்டோபரில் அதை ஒழித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம் நடப்பது உண்மையானால் இங்கேயும் அது ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. கொலைக்கு உச்சபட்சமாகத் தூக்கு விதிக்கும் அதிகாரம் புதுச்சேரி அமர்வு நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

முதல் கிளையான கடவுச்சீட்டுக் கதைக்கு இரண்டு வரி போதும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, இந்தியாவுக்குள் குற்றம் செய்யும் ஒவ்வொருவரும் தண்டனைக்கு உரியவர் என்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 1ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ‘ஒவ்வொருவரும்’ என்பதில் பிரெஞ்சுக் குடிமக்களும் அடக்கம். கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய துணைத் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் விதிக்கிறது. துணைத் தூதரகம் வழக்கறிஞரைத் தேடித் தரலாம், சிறையில் வந்து பார்க்கலாம். வழக்கைத் தடுக்க முடியாது. தன் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் குற்றத்தை விசாரிக்கப் பிரெஞ்சுச் சட்டமும் தன் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே புதுச்சேரியில் மனைவியை அடிக்கும் பிரெஞ்சுக் குடிமகன் இந்தியச் சட்டத்துக்குக் கட்டாயம் உட்பட்டவன். பிரெஞ்சுச் சட்டமும் அவனை விட்டுவிடுவதில்லை.

எல்லையின் இருபுறமும் சட்டம் வேறுபடும் இடங்களும் உண்டு, அவை பிரான்சிலிருந்து வந்தவை அல்ல. கடலூர்ச் சாலையில் மதுக்கடைகள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் புதுச்சேரி கலால் சட்டம், 1970, அதன் கீழான உரிமமும் வரியும். அங்கே வாங்கிய புட்டியோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து பிடிபட்டவர்மேல் பாய்வது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் தவளக்குப்பத்தில் செல்லாது. புதுச்சேரிக்கென்று 2008ஆம் ஆண்டுச் சமூக விரோதச் செயல் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டும் இந்தியச் சட்டமன்றங்கள் இயற்றியவை. பாண்டியில் சட்டம் வேறு என்று சொல்பவர் சுட்டிக்காட்டக்கூடிய வேறுபாடு இத்தகையதே.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் புதுச்சேரிக்கு வந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் புதிய குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே நாளில் இங்கேயும் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 அன்று தண்டனை, விசாரணை முறை, சாட்சியம் ஆகியவற்றுக்கான மூன்று புதிய சட்டங்களும் அவ்வாறே வந்தன. 1963இல் 103 ஆண்டு தாமதித்து வந்த சட்டம் நீங்கிய நாளும் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒன்றே. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்கள் மட்டும் இன்னும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப்படி விசாரிக்கப்படுகின்றன; புதுச்சேரி நீதிமன்றங்களில் இப்போது இரண்டு தண்டனைச் சட்டங்கள் பக்கம் பக்கமாக வாதிடப்படுகின்றன, இரண்டும் இந்தியாவுடையவை.